ரெண்டு டம்ளர், ரெண்டு மண்ணாங்கட்டி

வணக்கம்ங்க. மண்வளம் பத்திப் பேசக் கூப்பிட்டிருக்காங்க, பேப்பர்ல நாலு பக்கம் எழுதிட்டு வந்திருக்கேன், ஆனா மொதல்ல டம்ளர் கதைய சொல்லிடறேன்.

பாலக்கோடு பக்கம் எங்க மாமா காடு. தக்காளி, டிராக்டர்ல மாட்டி மண்ணப் பொடியாக்கற ரோட்டவேட்டர், மறுபடியும் தக்காளி. வரப்புக்கு அந்தப்பக்கம் ஒரு துண்டு மட்டும் அத்தை கண்ட்ரோல், அதுல பழையபடி கேவுரு, நடுவுல அவரை சால். ரெண்டுலயும் எலுமிச்சங்கா அளவு காய்ஞ்ச கட்டி எடுத்துட்டு வந்து, கண்ணாடி டம்ளர் தண்ணியில மெதுவா விட்டேன். தக்காளிக் காட்டுக் கட்டி புஸ்ஸுனு குமிழி விட்டு, மாமா பீடி பத்த வெக்கறதுக்குள்ள சேறா அடியில உக்காந்துருச்சு. அத்தை கட்டி, நாங்க டீ குடிச்சு முடிச்சும் அப்படியே நிக்குது. ரெண்டும் ஒரே செம்மண்ணுதாங்க, நடுவுல ஒரே ஒரு வரப்பு! அத்தை ஒண்ணும் சொல்லல, டம்ளர கழுவி வைன்னாங்க, அவ்ளோதான்.

வேரு, மக்குன சாணி, கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை நூலு, இதெல்லாந்தான் மண்ணுக்குப் பசை. ஓயாம ஓட்டிப் பொடியாக்கி, மேல ஒண்ணும் போடலேன்னா பசை போயிடும், மழை அடிச்சதும் மேல ஓடு கட்டிக்கும், தண்ணி உள்ள எறங்காது, மண்ணையும் இழுத்துட்டு ஏரிக்கு ஓடிடும், அப்புறம் ஏரி மேடாயிருச்சு, போர் போட்டா பொகைதான் வருதுன்னு நாமளே பொலம்பறோம்.

"அதான் யூரியா போடறேனே" ன்னாரு மாமா. யூரியாவுல நூத்துக்கு 46 பங்கு தழைச்சத்து, அதான் நைட்ரஜன், வேணாம்னு நான் சொல்லல, ஆனா அது பயிருக்குத் தீனி, மண்ணுல இருக்கற ஜீவனுக்கு யாரு போடறது? அவரைச் செடியப் புடுங்கி வேர்ல இருக்கற சின்ன உருண்டை முடிச்ச நகத்தால கிள்ளிப் பாருங்க, உள்ள ரோஸ் கலரா இருந்தா காத்துல இருக்கற தழைச்சத்து ஓசியில எறங்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

மண்ண சோதிச்சு கவர்மெண்டு குடுக்கற மண்வள அட்டை 2015ல வந்துச்சு. அதுல அங்கக கார்பன்னு ஒரு வரி, மக்குன சத்து மண்ணுல எவ்ளோ இருக்குன்னு காட்டறது, 0.5 சதவீதத்துக்குக் கீழன்னா கம்மி. மாமா அட்டை பீரோவுல பத்திரமா இருக்கு.

தக்காளிய நான் குத்தம் சொல்லலீங்க, புள்ளைங்க காலேஜ் ஃபீஸ் அதுலதான். நடுவுல ஒரு தடவ கொள்ளோ சணப்போ வெதச்சு பூவெடுக்கறப்ப மடக்கி உழுதா போதும், இல்ல ராத்திரி ஆட்ட காட்டுல அடைச்சு ஆட்டுக்கிடை போடுங்க.

கிருஷ்ணகிரி மாந்தோப்பு பத்தியும் பேசணும்னு... கைய காட்டறாங்க, டைம் ஆயிருச்சாம். மாம்பூவுல காய் புடிக்க ஈயும் தேனீயும்தான் வேல செய்யுது, பூ இருக்கறப்ப மருந்தடிக்காதீங்க, அவ்ளோதான் சொல்ல முடியுது. டம்ளர மட்டும் செஞ்சு பாருங்க, கட்டி நல்லா காய்ஞ்சிருக்கணும், ஈரக் கட்டி போட்டா வித்தியாசம் தெரியாது.