நவம்பர் மழையில ஃபிராங்கன்ஸ்டைன்: குன்னூர்ல வீட்டுக்குள்ள ஒரு பேய்ப்பட ராத்திரி

வணக்கம் மக்களே! குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கிறவங்களுக்கான வீடியோ இது. ஜன்னலைப் பாருங்க, எதிர் வீடே தெரியல. வடகிழக்குப் பருவமழை, நவம்பர் மாசம். பத்துப் பேரைக் கூப்பிட்டு ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிற பழைய இங்கிலீஷ் பேய்ப்படத்தைப் போட்டுக் காட்ட இதைவிடத் தோதான நேரம் கிடையாது.

ஏன் இந்தக் கதைன்னா, 1815-ல இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சு, அந்தப் புகை வெயிலை மறைச்சதுல அடுத்த வருஷம் ஐரோப்பாவுக்குக் கோடையே ஒழுங்கா வரல. ஜெனிவா ஏரிக்கரையில மழைக்கு வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தவங்க ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம்னு பேசிக்கிட்டாங்க. அப்ப 18 வயசு மேரி ஷெல்லி எழுத ஆரம்பிச்ச நாவல்தான் இந்தப் படத்துக்கு மூலம். கதையில ஃபிராங்கன்ஸ்டைன்ங்கிறவர் பொணத் துண்டுகளைச் சேர்த்துச் செஞ்ச உருவம் உயிர் வந்து கண்ணு முழிக்கிறதும் ஒரு நவம்பர் ராத்திரிதான். கண்ணாடியில மழை அடிக்குது, மெழுகுவத்தி தீரப்போகுது. அதனால பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கலர் சீரியல் லைட் எதுவும் வேண்டாம். படம் கருப்பு வெள்ளை. கலர் வெளிச்சம் திரையில விழுந்தா கருப்பெல்லாம் சாம்பலாயிடும்.

முதல்ல ப்ரொஜெக்டர். குளிர்ந்த ரூம்ல இருந்து எடுத்து, ஆளுங்க நிறைஞ்ச சூடான ஹாலுக்குக் கொண்டு வந்த உடனே ஆன் பண்ணாதீங்க. லென்ஸ் வேர்த்துடும், உள்ளயும் ஈரம் கட்டும். ஒரு மணி நேரம் முன்னாடியே ஹால்ல வெச்சிடுங்க. த்ரோ ரேஷியோ, அதாவது படத்தோட அகலத்துக்கு எத்தனை மடங்கு தள்ளி ப்ரொஜெக்டரை வைக்கணும்ங்கிற கணக்கு, 1.3-னு போட்டிருந்தா, படத்தோட அகலத்தை அதால பெருக்குங்க. 7 அடி அகலத்துக்கு 9.1 அடி தள்ளி வைக்கணும். 1931-ல வந்த படம், ஃப்ரேம் கிட்டத்தட்ட சதுரமா இருக்கும். அந்த 7 அடியில நடுவுல சுமார் அஞ்சரை அடிதான் படம், ரெண்டு பக்கமும் கருப்பு. அதை இழுத்து நிரப்புற செட்டிங் போட்டீங்கன்னா மூஞ்சியெல்லாம் பூசணிக்காய் ஆயிடும்.

திரைக்கு வெள்ளை பெட்ஷீட் போதும். பின்னாடி ஒரு கருப்புக் கம்பளி கட்டுங்க, வெளிச்சம் ஊடுருவாது. நம்ம ஈரக் காத்துல துணி தொய்யும், அதனால அன்னிக்கே தேய்ச்சு மாட்டி, கீழ்மடிப்புல ஒரு இன்ச் பிவிசி பைப் சொருகிடுங்க.

சத்தம்தான் முக்கியம். இந்தப் படத்துல டைட்டிலையும் முடிவையும் விட்டா பின்னணி இசையே கிடையாது. பயமே அந்த அமைதியிலதான் இருக்கு. தகரக் கூரை வீடா இருந்தா மழைச் சத்தம் வசனத்தை முழுங்கிடும். சப்டைட்டில் போட்டுக்கோங்க, ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழ, உட்கார்ந்தவங்க காது உயரத்துல வைங்க. சிப்ஸ் பாக்கெட் மட்டும் கூடவே கூடாது, அந்த சரசரப்பு எல்லாத்தையும் கெடுத்துடும்.

சாப்பாட்டைக் கதையிலயே எடுத்துக்கலாம். அந்த உருவத்துக்கு ஒரு ஆட்டு இடையனோட ரொட்டி, சீஸ், பால் கிடைக்கும். அப்புறம் தீயில பழத்தைச் சுட்டா கெட்டுப்போகுது, கிழங்கைச் சுட்டா ருசியாகுதுன்னு தானே கண்டுபிடிக்கும். பத்துப் பேருக்கு 2 கிலோ சின்ன உருளைக்கிழங்கு. குன்னூர் 1,850 மீட்டர் உயரம், தண்ணி 94 டிகிரியிலயே கொதிச்சிடும், திறந்த பாத்திரத்துல வேக ரொம்ப நேரமாகும். குக்கர்ல ரெண்டு விசில் விட்டு, தோலோட தோசைக்கல்லுல மொறுமொறுன்னு சுட்டு, உப்பு, மிளகு. அவ்வளவுதான்.

இப்ப சொல்றதைத் தயவுசெஞ்சு கேளுங்க. குளிருதுன்னு கரி அடுப்பை ஹாலுக்குள்ள வெச்சு, கதவு ஜன்னலை மூடிடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், எழுந்திருக்கவே முடியாது. ஹீட்டர் வைங்க, ஆனா 2,000 வாட் ஹீட்டருக்குத் தனியா 16 ஆம்பியர் பிளக். ப்ரொஜெக்டர் இருக்கிற எக்ஸ்டென்ஷன்ல சேர்க்காதீங்க, இன்வெர்ட்டர்லயும் போடாதீங்க. காத்துல மரம் விழுந்து கரண்ட் போனாலும் ப்ரொஜெக்டரும் ஸ்பீக்கரும் மட்டும் இன்வெர்ட்டர்ல தாராளமா ஓடும்.

ஆறு மணிக்கே இருட்டிடும். ஒரே ஒரு மெழுகுவத்தி ஏத்தி, அந்த உருவம் கண்ணு முழிக்கிற, நாவலோட ஐந்தாம் அத்தியாயத்தை யாராவது நிதானமா, தமிழ்ல சொல்லிக் காட்டினாலும் சரி, பத்து நிமிஷம் வாசிங்க. அப்புறம் ஊதி அணைச்சிட்டுப் படத்தைப் போடுங்க. 70 நிமிஷம்தான். எட்டு மணிக்குள்ள எல்லாரும் கிளம்பிடலாம், கரடியும் காட்டெருமையும் நடமாடுற ரோட்டுல அதுக்கு மேல நடக்க விடாதீங்க. மிச்சச் சாப்பாட்டை வாசல்ல கொட்டவும் கூடாது, அந்த வாசனைக்கு அதுங்க வந்துடும். ஏரிக்கரையில ஒரு சின்னப் பொண்ணு சாகிற காட்சி இருக்கு, குழந்தைங்களைக் கூட்டிட்டு வர்றவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிடுங்க.

இன்னொண்ணு. ஆரம்ப டைட்டில்ல அந்த உருவமா நடிச்சவர் பேர் இருக்காது, வெறும் கேள்விக்குறிதான் இருக்கும். கடைசி டைட்டில்லதான் போரிஸ் கார்லாஃப்னு வரும். படம் முடிஞ்சிடுச்சுன்னு யாரும் எழுந்து லைட்டைப் போடாம, அது வர்ற வரைக்கும் பார்த்துக்கோங்க.