விசில் ஊதப் பிள்ளைகள் வேண்டும்

(மெல்பேர்ன் டண்டினோங் பகுதித் தமிழ்ப் பாடசாலை ஒன்றின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை. எழுதும்போது சில இடங்களைச் சற்று விரித்திருக்கிறேன்.)

மதிப்புக்குரிய அவைத்தலைவர் அவர்களே, இந்தப் பாடசாலையைப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்துவரும் அதிபர் அம்மா அவர்களே, சனிக்கிழமை அலுவல்களை ஒதுக்கிவைத்து நம்மோடு வந்து அமர்ந்திருக்கும் நகரசபை உறுப்பினர் அவர்களே, கோவில் அறங்காவலர் சபைத் தலைவர் ஐயா அவர்களே, முதியோர் ஒன்றியத்தின் மூத்தோர்களே, தாய்மாரே, தந்தைமாரே, பரிசு வாங்கப் பொறுமையோடு காத்திருக்கும் என் செல்வங்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

எனக்குப் பொன்னாடை போர்த்திய ஐயாவுக்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். அவர் கையால் பொன்னாடை வாங்குவது எனக்குக் கிடைத்த பேறு. நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் நம் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்க ஓர் அறைகூட இல்லாமல் அலைந்தபோது, தம் வீட்டு முன்னறையைத் திறந்துவிட்டவர் அவர். சமையலறையில் காலை முதல் நிற்கும் சகோதரிகளுக்கும் நன்றி. வாசலில் நுழையும்போதே வடை வாசனை என்னை வரவேற்றது.

அதிபர் அம்மா தொலைபேசியில் அழைத்து, "விளையாட்டும் நீதியும் என்ற தலைப்பில் பேசுங்கள்" என்றார். நான் ஃபுட்டியை, அதாவது இந்த நாட்டின் அவுஸ்திரேலிய விதிக் கால்பந்தைப் பற்றித்தான் பேசுவேன் என்று அவருக்கு முன்பே தெரியும். இரண்டு விஷயங்களைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒன்று, இந்த ஆட்டத்தின் விதிகள் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன என்பது. இரண்டாவது, நடுவர்கள்.

என் ஆச்சி அடிக்கடி சொல்லும் பழமொழி ஒன்று உண்டு. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." முப்பது வருடங்களாக இந்த நாட்டில் ஃபுட்டி பார்க்கிறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பழமொழி என் காதில் ஒலிக்காமல் போனதில்லை.

எம்சிஜி என்ற மெல்பேர்ன் கிரிக்கெட் மைதானத்துக்குப் போயிருப்பீர்கள். 1,00,024 பேர் இருந்து பார்க்கக்கூடிய மைதானம் அது. வெளியே ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அது டொம் வில்ஸ் என்பவரின் சிலை. 1858 ஜூலையில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதி, கிரிக்கெட் வீரர்கள் குளிர்காலத்தில் சோம்பிக் கிடக்காமல் இருக்க ஒரு கால்பந்துக் கழகம் வேண்டும், அதற்கு விதிகள் வேண்டும் என்று கேட்டவர் அவர். அடுத்த மாதம், ஆகஸ்ட் 7ஆம் திகதி, மெல்பேர்ன் கிராமர், ஸ்கொட்ச் கொலிஜ் என்ற இரண்டு பாடசாலைகள் மோதின. பக்கத்துக்கு நாற்பது பிள்ளைகள். ஒரே நாளில் முடியாமல் மூன்று நாட்களுக்கு நீண்டு, ஆளுக்கொரு கோலோடு சமநிலையில் முடிந்த ஆட்டம் அது. அந்த ஆட்டத்தின் காட்சிதான் சிலையாக நிற்கிறது. வில்ஸ் அதில் என்ன செய்துகொண்டிருக்கிறார்? பந்தை உதைக்கவில்லை. நடுவராக நிற்கிறார்! ஆட்டத்தைத் தோற்றுவித்தவர் என்று கொண்டாடப்படும் மனிதருக்கு நடுவர் கோலத்தில் சிலை வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து உள்ளே போகும் நாம், இருக்கையில் அமர்ந்த ஐந்தாவது நிமிடத்தில் நடுவரைத் திட்டத் தொடங்கிவிடுகிறோம்.

அன்றைக்கு நடுவராக நின்ற மற்றவர் ஜோன் மெக்காடம். நாம் விருந்தாளிகளுக்கு வைக்கும் மெக்கடேமியாக் கொட்டைக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள்.

அடுத்த வருடம், 1859 மே 17ஆம் திகதி, மெல்பேர்ன் கழகத்தார் விதிகளை எழுதினார்கள். மொத்தமே பத்து விதிகள். இன்றைய விதிப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். அன்றிலிருந்து இன்றுவரை விதியை மாற்றாத தலைமுறை இல்லை. மாற்றத்தைக் கண்டு கோபப்படாத தலைமுறையும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் வேலைத்தலத்துத் தேநீர் அறையில் நடக்கும் வழக்கை நீங்களும் கேட்டிருப்பீர்கள். "ஆட்டத்தை அதன் பாட்டில் விடுங்கள்" என்பார் ஒருவர். ஏஎஃப்எல் என்ற தேசிய லீக்கில் 2019இல், மத்திய வட்டத்தில் நடுவர் பந்தை நிலத்தில் அடித்து எழுப்பும் ஒவ்வொரு பவுன்ஸின்போதும் ஒவ்வோர் அணியும் மைதானத்தின் மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேராக நிற்க வேண்டும் என்றார்கள். 2021இல், உதைத்த பந்தை நிலத்தில் படாமல் பிடித்து மார்க் எடுத்தவருக்கு எதிரே நிற்பவர் அசையவே கூடாது என்றார்கள். 2022இல், நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கையை விரித்தாலே, எதிரணி 50 மீற்றர் முன்னேறும் தண்டனை என்றார்கள். ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள். "கையை விரிப்பதும் குற்றமா?" என்று என் பக்கத்து வீட்டுக்காரர், கொலிங்வுட் அணியின் ரசிகர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், வேலிக்கு மேலால் என்னிடம் வழக்குப் பேசினார். நான் அந்த விதியின் பக்கம்தான் நின்றேன். இன்றும் நிற்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கு வந்த மாற்றங்கள் இரண்டைப் பாருங்கள். இரு பக்கக் கோலிலிருந்தும் ஐம்பது மீற்றரில் வரைந்த வளைவுகளுக்கு இடையில், உதைத்தோ கையால் தட்டியோ கடைசியாகப் பந்தை வெளியே போகவிட்டவரின் எதிரணிக்கு ஃப்ரீ கிக். "பாரம்பரியம் போய்விட்டது" என்று புலம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இதைப் போன்ற ஒரு விதி 1925இல் இந்த ஆட்டத்தில் வந்து, 1939இல் எடுக்கப்பட்டது. தென் அவுஸ்திரேலிய லீக் 2016இலேயே இதைப் போன்ற விதியைக் கொண்டுவந்துவிட்டது, பெண்களுக்கான தேசிய லீக்கான ஏஎஃப்எல்டபிள்யூவும் முன்பே கொண்டுவந்துவிட்டது. இதுவரை என்ன நடந்தது? வீரர் வேண்டுமென்றே பந்தை வெளியே தள்ளினாரா, ஆட்டத்துக்குள் வைத்திருக்கப் போதிய முயற்சி எடுத்தாரா என்று நடுவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது. அதாவது, ஓடிக்கொண்டே மற்றவரின் மனதைப் படிக்க வேண்டும்! இப்போது மனதைப் படிக்க வேண்டாம், பந்தைப் பார்த்தால் போதும். என் பார்வையில் இது நடுவருக்குச் செய்த நன்மை.

மற்றது, பவுன்ஸ். மத்திய வட்டத்தில் நடுவர் பந்தை நிலத்தில் ஓங்கி அடித்து எழுப்புவதுதான் இந்த ஆட்டத்தின் கையெழுத்து என்று நூறாண்டுக்கும் மேலாகச் சொல்லிவந்தோம். மைதானத்தின் மற்ற இடங்களில் அது 2013இலேயே நின்றுவிட்டது. இப்போது மத்தியிலும் பந்தை மேலே எறிகிறார்கள். எனக்கும் மனது கனத்தது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆட்டத்தை நன்றாகக் கணிக்கத் தெரிந்தும், முட்டை வடிவப் பந்தை நேராக எழுப்ப வரவில்லை என்பதால் எத்தனை பிள்ளைகள் நடுவராகும் எண்ணத்தையே விட்டிருப்பார்கள்! கதவு ஒன்று திறந்திருக்கிறது. அந்தக் கதவால் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்பதற்காகத்தான் நான் இன்று இங்கே நிற்கிறேன்.

நடுவர் தவறே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. சில வேளைகளில் கூடம் உண்மையிலேயே கோணல்தான். 2006 ஏப்ரல் 30ஆம் திகதி, லோன்செஸ்டனில் சென் கில்டாவும் ஃப்ரீமான்டிலும் ஆடின. ஃப்ரீமான்டில் ஒரு புள்ளி முன்னால் நிற்கும்போது ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்தது. நடுவர்களுக்கு அது கேட்கவில்லை! ஆட்டம் தொடர்ந்தது, சென் கில்டா ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. சில நாட்களில் லீக் அந்த முடிவை மாற்றி, வெற்றியை ஃப்ரீமான்டிலுக்குக் கொடுத்தது. 2023 ஆகஸ்டில் அடிலெய்டில் நடந்தது அதைவிட வேதனை. பென் கீஸ் உதைத்த பந்து கோலாகவே உள்ளே போனது. கம்பத்தில் பட்டது, கோல் இல்லை என்று கோல் நடுவர் தீர்ப்புச் சொன்னார். வீடியோ மறுஆய்வைக் கேட்கவும் இல்லை. சிட்னி ஒரு புள்ளியால் வென்றது. அடிலெய்டுக்கு இறுதிச்சுற்று வாய்ப்பும் போனது. தவறு நடந்துவிட்டது என்று லீக்கின் தலைமை நிர்வாகியே ஒப்புக்கொண்டார். அடிலெய்டு ரசிகருக்கு அந்தக் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த இரண்டு பிழைகளையும் சாட்டாக வைத்துக்கொண்டு, ஊர் மைதானத்தில் நிற்கும் பதினைந்து வயதுப் பிள்ளையை நாம் என்ன பாடுபடுத்துகிறோம் என்பதைத்தான் இனிச் சொல்லப் போகிறேன்.

நான்கு வருடங்களுக்கு முன், ஜூன் மாதத்தில் ஒரு காலை. மகளுக்கும் மருமகனுக்கும் வேலை. பேரனை ஆட்டத்துக்குக் கூட்டிப்போகும் பொறுப்பு என்னுடையது. பனி மூட்டம், மைதானம் சேறு. ஒரு போத்தலில் தேநீரும், ஈயத்தாளில் சுற்றிய ஆட்டிறைச்சி ரோல்ஸும் கொண்டுபோயிருந்தேன். நடுவராக வந்தவள் ஒரு சின்னப் பிள்ளை. பதினைந்து வயதுதான் இருக்கும். பின்னல் போட்டு, பச்சைச் சட்டையின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். வேலியோரம் என் பக்கத்தில் நம்மவர் ஒருவர், இன்னொரு பிள்ளையின் தந்தை. நல்ல மனிதர். வேலையில் அவர் குரலை உயர்த்தியதை யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் குவாட்டர்வரைக்கும் எல்லாம் நன்றாகவே போனது. இடைவேளையில் பிள்ளைகள் தோடம்பழத் துண்டுகளைச் சப்பினார்கள். கடைசிக் குவாட்டரில் மழை. எதிரணிப் பையன் ஒருவன் குனிந்து பந்தை எடுத்தான். எடுத்த மாத்திரத்தில் நம் பிள்ளைகள் இருவர் அவனைக் கட்டிப்பிடித்து விழுத்திவிட்டார்கள். வேலி முழுவதும் "போல்!" என்று கத்தியது. பந்தைப் பிடித்து வைத்திருந்தான், ஃப்ரீ கிக் கொடு என்று அர்த்தம். அவள் விசில் ஊதினாள். நமக்குத்தான் என்று கைதட்டினோம். அவளோ பந்தை வாங்கி, இரு அணிக்கும் பொதுவாக மேலே எறிந்தாள். அதைப் பிடித்த எதிரணி, அடுத்த நிமிடத்தில் ஆறு புள்ளி தரும் கோல் அடித்தது. நான்கு புள்ளிகளால் நாம் தோற்றோம்.

பக்கத்தில் நின்றவர் வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, "உனக்குக் கண் தெரியவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். நானும் கத்தினேன், தமிழில். "ஊதத் தெரியாவிட்டால் ஏன் வந்தாய்?" என்று. அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். தெரியாத மொழியில் திட்டினாலும் திட்டு விளங்கும், பெரியோர்களே.

ஆட்டம் முடிந்து, தண்ணீர்க் குழாயடியில் அவள் விசிலைக் கழுவிக்கொண்டிருந்தாள். குளிரில் விரல்கள் சிவந்திருந்தன. மனம் கேட்காமல் போய், ஒரு ரோல்ஸை நீட்டினேன். வாங்கவில்லை. நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்: "பந்து கைக்கு வந்த உடனேயே அவனைப் பிடித்துவிட்டார்கள். உதைக்கவோ தட்டவோ அவனுக்கு நேரமே இருக்கவில்லை. அப்படியென்றால் ஃப்ரீ கிக் இல்லை."

வீட்டுக்கு வந்து விதியைத் தேடிப் படித்தேன். முன்னரே வாய்ப்புக் கிடைக்காத வீரன், பிடிபட்ட பின் பந்தை வெளியேற்ற உண்மையாக முயன்றால் அவன்மேல் குற்றமில்லை. அவள் சொன்னது சரி. ஐம்பது பேர் கத்தினோம், ஐம்பது பேரும் பிழை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆடாமல் வேலியில் நின்ற நாமும் அதைத்தான் சொன்னோம்.

அடுத்த வாரம் நடுவர் வரவில்லை. கழகத்தார் கூட்டத்தைப் பார்த்து, யாராவது விசில் ஊதுவீர்களா என்று கேட்டார்கள். கண் தெரியவில்லையா என்று கேட்ட அதே மனிதரின் கையில் விசிலைக் கொடுத்தார்கள். ஒரு குவாட்டர் ஓடினார். "போல்!" என்று வேலி அவரைப் பார்த்தும் கத்தியது. மூச்சு வாங்க வந்து என்னிடம் சொன்னார்: "அண்ணை, உள்ளே போனால் கால்கள்தான் தெரிகின்றன, பந்து தெரியவில்லை." அவர் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறார். முறையாகப் பயிற்சி எடுத்து, மூன்றாவது வருடமாகச் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்பிள்ளையை மட்டும் அதற்குப் பிறகு நான் எந்த மைதானத்திலும் காணவில்லை.

கையை விரித்தால் 50 மீற்றர் என்ற விதியின் பக்கம் நான் ஏன் நிற்கிறேன் என்று இப்போது விளங்கும். அந்த விதி வந்த 2022இல், நாடு முழுவதும் சுமார் 6,000 நடுவர்களுக்குத் தட்டுப்பாடு என்று லீக்கே சொன்னது. தொலைக்காட்சியில் பெரிய வீரன் கையை விரிப்பதைப் பார்க்கும் சிறுவன் சனிக்கிழமை அதையே செய்கிறான். அவன் தந்தை வேலியில் நின்று அதைவிட மோசமாகச் செய்கிறார்.

நம் பிள்ளைகளுக்கு அங்கே இடமிருக்கிறதா என்று சில தாய்மார் என்னிடம் கேட்டார்கள். கிளென் ஜேம்ஸ் என்ற பூர்வகுடி மனிதர், கூட்டத்தின் ஏச்சையெல்லாம் தாங்கிக்கொண்டு, 1982, 1984 ஆகிய இரண்டு வருடங்களின் இறுதியாட்டங்களுக்கு நடுவராக நின்றார். 2017இல் எலெனி குளூஃப்ட்சிஸ் என்ற பெண் ஏஎஃப்எல் ஆட்டமொன்றில் முதல் பெண் மைதான நடுவராக ஓடினார். ஒரு காலத்தில் ஒரே நடுவர் ஓடிய மைதானத்தில் 1976 முதல் இருவர், 1994 முதல் மூவர், 2023 முதல் நால்வர். இடம் கூடிக்கொண்டுதான் போகிறது. கணக்கும் மருத்துவமும் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வாரத்தில் ஒரு காலை, நாற்பது பேர் முன்னால் நின்று, பிடிக்காத தீர்ப்பைத் துணிந்து சொல்லப் பழகிய பிள்ளைக்கு எந்த நேர்முகத் தேர்வும் பயமில்லை.

அவைத்தலைவர் ஐயா மணியைப் பார்க்கிறார், பரிசு வாங்கும் பிள்ளைகளும் பார்க்கிறார்கள். வாசலில் வடைத் தட்டுக்குப் பக்கத்து மேசையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். பதினான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பெயரை எழுதலாம், தந்தைமாரும் எழுதலாம். உள்ளூர் லீக்கின் பயிற்சி வகுப்புக்கு நானே காரில் கூட்டிப்போவேன். நல்ல சப்பாத்தும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் கொண்டுவந்தால் போதும். விசிலை நான் வாங்கித் தருகிறேன்.

நன்றி. வணக்கம்.