வகுத்துப் பார்க்காமலே பகா எண் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி சில நாள்களாக என் மனத்தை விட்டு அகலவில்லை. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மாபெரும் பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன என்று முன்பு கூறியிருந்தேன். அத்தனை பெரிய எண்ணை மற்ற எண்களால் வகுத்துப் பார்த்து முடித்தது யார் என்று அவர் கேட்கிறார்.

யாரும் அப்படி வகுத்துப் பார்க்கவில்லை. வர்க்கமூலம் வரை வகுத்தால் போதும் என்றாலும், அந்த வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும்போது, எந்தக் கணினியாலும் அந்த வழியில் முடிவைக் காண முடியாது. ஆனால் இது 2-இன் 136279841-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் மெர்சென் எண்; அவ்வகை எண்களுக்கென்றே லூக்கா, லெமர் என்ற கணித அறிஞர்கள் உருவாக்கிய சோதனை ஒன்று உண்டு.

அடுக்கு 2-ஐவிடப் பெரிய பகா எண்ணாக இருக்க வேண்டும். 4-இல் தொடங்கி, அதை வர்க்கமாக்கி, 2-ஐக் கழித்து, சோதிக்கப்படும் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு, அதே செயலை அடுக்கைவிட இரண்டு குறைவான முறை செய்ய வேண்டும். இறுதியில் சுழி வந்தால் அது பகா எண். வராவிட்டால் பகு எண். 31-ஐ எடுத்துக்கொள்வோம். அது 2-இன் 5-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவு என்பதால் மூன்றே படிகள்தாம்: 4-இலிருந்து 14, 14-இலிருந்து 194, அதன் மீதி 8, 8-இலிருந்து 62, அதன் மீதி சுழி. மாபெரும் எண்ணுக்கும் இதே கணக்குத்தான். படிகள் மட்டும் 13 கோடியைத் தாண்டும். இரும முறையில் எழுதினால் மெர்சென் எண்ணின் எல்லா இலக்கங்களும் 1 என்பதால், மீதி காண நீண்ட வகுத்தலும் வேண்டியதில்லை. மேற்பகுதியை வெட்டிக் கீழ்ப்பகுதியோடு கூட்டினால் போதும். இந்த அழகை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

இதைவிட ஆழமான கேள்வி ஒன்றையும் நேயர்கள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம்: ஓர் எண்ணின் காரணிகள் எவை என்று தெரியாமலேயே அது பகு எண் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியும். 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2047. இதே சோதனையில் 14, 194, 788, 701 என்று தொடர்ந்து ஒன்பதாம் படியில் 1736 மிஞ்சுகிறது; சுழி இல்லை, ஆகவே பகு எண். ஆனால் 23-ஐ 89-ஆல் பெருக்கினால் 2047 என்பதை அந்த 1736 நமக்குச் சொல்வதே இல்லை.

லூக்கா 1876-இல், 2-இன் 67-ஆம் அடுக்கைவிட ஒன்று குறைவான எண் பகு எண் என்று காரணிகளைக் காட்டாமலே நிறுவினார். அதை 193707721 × 761838257287 என்று பிரித்து ஃபிராங்க் நெல்சன் கோல் காட்டியது 1903-இல்தான்.