உண்ணிச்செடியை எங்கே வெட்டணும்? ஆரல்வாய்மொழி மேய்ச்சல் காட்டிலிருந்து

வணக்கம் மக்களே. காற்று இரைச்சல் கேட்கிறதா? ஆனி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றுகொண்டு மைக்கைக் குறை சொல்லி என்ன செய்ய. பின்னால் காற்றாலைகள் சுற்றுகின்றன, பாருங்கள். அதற்குக் கீழே மலையடிவாரம் வரைக்கும் பச்சையாகத் தெரிகிறதே, நல்ல மேய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரும்பகுதி உண்ணிச்செடி. மாடு வாய் வைக்காது. வைத்தால் இன்னும் மோசம்.

பக்கத்தில் காட்டுகிறேன். தண்டை விரலில் உருட்டினால் உருளாது, நாலு பட்டை. பட்டை ஓரத்தில் கொக்கி மாதிரி குட்டி முள். இலைகள் எதிரெதிராக வரும், தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, கசக்கினால் மூக்கைத் துளைக்கும் வாடை. நாய்த்துளசிக்கும் தண்டு சதுரம்தான், ஆனால் அதில் முள் இருக்காது. சின்னக் கன்றாக இருக்கும்போது இதை வைத்துத்தான் பிரித்துச் சொல்ல முடியும். பூக்கொத்தைப் பாருங்கள்: நடுவில் மஞ்சள், ஓரத்தில் ரோஸ். தனித்தனி நிறப் பூக்கள் இல்லை. ஒரே பூதான், வயதாக ஆக நிறம் மாறுகிறது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் இதை அரிப்பூ என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கப்பலேறி வந்தது. அழகுதான், அதை மறுக்கவில்லை.

இந்தக் கறுப்புப் பழம்தான் வில்லன். நாங்கள் சின்ன வயதில் பறித்துத் தின்றிருக்கிறோம். மைனாவும் கொண்டைக்குருவியும் இதைத் தின்றுவிட்டு எந்த மரத்தில் உட்காருகிறதோ, அதன் அடியில் அடுத்த புதர். அதோ அந்த உடைமரத்தடியில் போய்ப் பாருங்கள், நாற்றங்கால் போட்ட மாதிரி கன்று நிற்கும்.

மூன்று வருஷம் முன்னால் சித்தப்பா வெளியூர்ச் சந்தையில் ஒரு பசு வாங்கி வந்தார். நம்ம ஊர் மாடுகளுக்கு இதை ஒதுக்கத் தெரியும். புதிதாக வந்தது, கோடைப் பசி வேறு, நன்றாக மேய்ந்துவிட்டது. இரண்டு நாளில் தீனி எடுக்கவில்லை, சாணம் இறுகிப்போனது, கண் மஞ்சள். அப்புறம் வெயிலைக் கண்டாலே ஒதுங்கியது, மூக்கைச் சுற்றித் தோல் வெடித்து உரிந்தது. இலையில் இருக்கும் லாண்டடீன் என்ற நஞ்சு ஈரலைக் கெடுக்கிறது. ஈரல் கெட்டால் பச்சை இலையிலிருந்து வரும் ஒரு பொருள் வெளியேறாமல் ரத்தத்திலேயே தங்கி, வெயில் பட்ட தோலைப் புண்ணாக்குகிறது. நாங்கள் முதலில் அம்மை என்று நினைத்து வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தோம். அந்தத் தாமதம் தப்பு. இப்படிப் பார்த்தால் உடனே நிழலில் கட்டுங்கள், கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஆடு விட்டால் தின்று தீர்த்துவிடும் என்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், ஆட்டுக்கும் இது நஞ்சுதான்.

சரி, அழிப்பது எப்படி? நாங்கள் வருஷா வருஷம் செய்தது என்ன தெரியுமா? வெட்டுக்கத்தியால் முழங்கால் உயரத்தில் வெட்டுவோம், காய்ந்ததும் தீ வைப்போம். அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் ஐந்தாறு தண்டு நிற்கும். கூலி கொடுத்துக் கவாத்து செய்திருக்கிறோம், வேறென்ன!

இதோ, மண்ணை விலக்கிக் காட்டுகிறேன். தண்டும் வேரும் சேருமிடத்தில் முண்டு மாதிரி தடித்திருக்கிறதா? துளிர் எல்லாம் இங்கேயிருந்துதான் கிளம்புகிறது. இந்த முண்டுக்குக் கீழே, மண்ணுக்குள் 3 முதல் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வேரை வெட்டிவிட்டால் கதை முடிந்தது. கீழே கிடக்கும் வேர் முளைக்காது, முழுக்கத் தோண்டவும் வேண்டாம். டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபுவும் அவர் குழுவும் கார்பெட் காட்டில் செய்து காட்டிய முறை இது. இரண்டு நாள் மழையில் மண் இளகியிருக்கிறது, அதனால்தான் இன்று வந்தேன். மம்பட்டியைச் சாய்த்து... ஒரு வெட்டு... இன்னொன்று... ஆ, வந்துவிட்டது. கையுறை போடாமல் தொடாதீர்கள்.

வெட்டியதை அப்படியே போட்டுவிடக் கூடாது. ஈர மண்ணில் தண்டு பட்டால் வேர் விட்டுவிடும். தலைகீழாக, வேர் வானத்தைப் பார்க்கிற மாதிரி இன்னொரு புதர்மேல் சாய்த்து வையுங்கள். காய் பிடிப்பதற்கு முன்னால் வெட்டினால் பாதி வேலை மிச்சம். இயந்திரம் விட்டுக் கிளறினால் மண்ணில் கிடக்கும் பழைய விதையெல்லாம் சேர்ந்து முளைக்கும். நான் அதற்குப் போக மாட்டேன். மருந்தும் வேண்டாம், மாடு மேயும் இடம்.

பூச்சி விட்டு அழிக்க முடியாதா என்றால், முயன்றிருக்கிறார்கள். 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சி கொண்டுவந்தார்கள். அது தேக்குப் பூவையும் கடிக்கிறது என்று தெரிந்து நிறுத்திவிட்டார்கள். எப்படியோ தப்பி வெளியே பரவியும்விட்டது. உண்ணிச்செடி என்னவோ அசையவில்லை. மாதேஸ்வரன் மலைப் பக்கம் இந்தத் தண்டை வேகவைத்து நாற்காலி செய்கிறார்கள், கூடலூர்ப் பக்கம் ஆள் உயரத்தைத் தாண்டிய யானைச் சிலைகளே செய்திருக்கிறார்கள். எனக்குக் கைவேலை வராது, நான் அடுப்புக்குத்தான் வைத்திருக்கிறேன்.

வெட்டிய இடத்தை வெறுமையாக விட்டால் மறுபடி வந்துவிடும். போன ஐப்பசியில் செடியை வெட்டிய துண்டு நிலம் இது. கொழுக்கட்டைப்புல் விதை தூவினேன், கணுக்காலுக்கு மேலே வந்திருக்கிறது. நடுநடுவே உண்ணிக் கன்று இருக்கிறது, பாருங்கள், இங்கே ஒன்று, அங்கே மூன்று. இந்த அளவில் கையாலேயே பிடுங்கிவிடலாம். ஒவ்வொரு மழைக்கும் ஒரு சுற்று வர வேண்டியிருக்கிறது. ஒன்று மறந்துவிட்டேன்: காட்டு எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் வனத்துறை இடம், கேட்காமல் மம்பட்டியோடு போய்விடாதீர்கள்.

அடடே, ஸ்டாண்டைக் காற்று சாய்க்கிறது. அந்த உடைமரத்தடி இன்னும் பாக்கி இருக்கிறது, வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும். கேமராவை வைத்துவிட்டுப் போகிறேன்.