220 படங்கள், 220 வானங்கள்: வாடிப்பட்டி தோப்பிலிருந்து கேட்டை நட்சத்திரம்

வணக்கம் மக்களே. போன வீடியோவில் கேட்டை நட்சத்திரப் பகுதியின் படத்தைக் காட்டினேன், நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்: மதுரை வெளிச்சத்தை வைத்துக்கொண்டு அந்த மங்கலான தூசி மேகம் எப்படித் தெரிந்தது, போட்டோஷாப்பில் பின்னணியைக் கறுப்பாக்கி விட்டீர்களா என்று. இல்லை. வானத்தின் வெளிச்சத்தைக் கழித்தேன், அதுவும் கடைசியில் கிடைத்த ஒரு படத்தில் இல்லை, 220 படத்திலும் தனித்தனியாக. அதைத்தான் இன்றைக்கு உட்கார்ந்து பொறுமையாகக் காட்டப் போகிறேன்.

முதலில் இடம். வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் மாமாவின் தென்னந்தோப்பு, அதை ஒட்டி அறுப்பு முடிந்த வயல். வடக்கே சிறுமலை. மலையடிவாரத்துக்கே போயிருக்கலாம், குட்லாடம்பட்டிப் பக்கம் இன்னும் இருட்டுதான், ஆனால் நம் ஊரில் துருவ நட்சத்திரம் தரையிலிருந்து பத்து டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மலைக்கு ஒட்டிப் போனால் அது மலைக்குப் பின்னால் போய்விடும், ட்ராக்கரை, அதாவது நட்சத்திரங்களின் ஓட்டத்தோடு கேமராவைத் திருப்பும் கருவியை, துருவத்துக்கு நேராக வைக்க முடியாது. அதனால் கொஞ்சம் தள்ளி வயலுக்கு நடுவில். இதில் ஒரு சங்கடம், அங்கிருந்து பார்த்தால் தென்கிழக்கில் மதுரை. கேட்டை எழும்புவதும் தென்கிழக்கில்தான். அதாவது ஊர் வெளிச்சத்துக்குள்ளிருந்தே அது மேலே வர வேண்டும்.

பங்குனி அமாவாசை ஒட்டிய இரவு. ஒரு மணிக்கு ஆரம்பித்தபோது கேட்டை சுமார் முப்பது டிகிரி உயரத்தில், சரியாக மதுரைக்கு மேலே. நாலேகால் வாக்கில் நேர் தெற்கே வந்து ஐம்பத்து நாலு டிகிரிக்கு ஏறிவிடும். சாதாரண டிஎஸ்எல்ஆர், 135 மிமீ லென்ஸ், எஃப் 2.8, ஒவ்வொரு படமும் 60 நொடி. ஐந்து பத்து வரைக்கும் ஓடவிட்டேன், 230 படம் வந்தது. கடைசிப் பத்தில் கிழக்கே விடியல் ஏறியிருந்தது, அவற்றை எடுத்துவிட்டேன். ஆக 220.

இப்போது திரையைப் பாருங்கள். இது முதல் படம், இது 180-ஆவது படம். இரண்டிலும் நட்சத்திரங்கள் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ட்ராக்கர் அதற்குத்தானே. ஆனால் வெளிச்சத்தைக் கவனியுங்கள். முதல் படத்தில் இடது கீழ் மூலை பழுப்பாகக் கொதிக்கிறது. 180-இல் அது நேர் கீழ்ப்பக்கம் போய்விட்டது, அளவும் குறைந்திருக்கிறது. ஊர் நகரவில்லை. கேமரா நட்சத்திரங்களோடு சேர்ந்து திரும்புகிறது, அதனால் அடிவானம் இருக்கும் பக்கம் படத்தைச் சுற்றி நகர்கிறது. ஒரு மணிக்கும் நாலேகாலுக்கும் நடுவில் மட்டும் சுமார் அறுபது டிகிரி சுற்றியிருக்கிறது. நான் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன், படத்தில் தெரிவதும் அதேதான்.

இது போதாதென்று பக்கத்து ஊரில் பங்குனிப் பொங்கல். சீரியல் செட்டு, டியூப் லைட்டு, ஃபோகஸ் லைட்டு எல்லாம் மேற்கே ஒரு கிலோமீட்டரில். ரெண்டு பத்துக்கு அணைத்தார்கள், அது எனக்கு எப்படித் தெரியும் என்றால் 65-ஆவது படத்துக்கும் 66-ஆவது படத்துக்கும் நடுவில் வலது ஓரம் சட்டென்று ஒரு படி இறங்குகிறது. படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால் அந்த இரவில் யார் எப்போது விளக்கணைத்தார்கள் என்பது வரைக்கும் தெரிகிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்த விஷயம்.

சரி, இந்த 220-ஐயும் அப்படியே சேர்த்து ஸ்டாக் போட்டால், அதாவது ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி ஒரே படமாக்கினால் என்ன, கடைசியில் மொத்தமாகப் பின்னணியைக் கழித்துவிட்டால் போகிறது என்று நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். கணக்குத் தெரிந்தவர்கள் கேட்பீர்கள்: ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் ஒரு சாய்தளம் மாதிரி இருக்கிறது, பல சாய்தளங்களின் சராசரியும் ஒரு சாய்தளம்தானே, அப்படியிருக்க முன்னால் கழித்தால் என்ன, பின்னால் கழித்தால் என்ன? சரியான கேள்வி. சராசரி மட்டும் எடுத்தால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ஸ்டாக்கிங் வெறும் சராசரி இல்லை. ஒவ்வொரு பிக்சலுக்கும் 220 மதிப்புகளை வரிசையாக வைத்து, கூட்டத்தோடு சேராததை வெளியே தள்ளுகிறது. செயற்கைக்கோள் கோடு, விமானம், காஸ்மிக் கதிர் விழுந்த புள்ளி எல்லாம் போவது அந்த இடத்தில்தான்.

இங்கே வாருங்கள், பெரிதாக்குகிறேன். முதல் ஸ்டாக்கின் இடது கீழ் மூலை. மெல்லிசாக ஒரு கோடு தெரிகிறதா? 97-ஆவது படத்தில் போன செயற்கைக்கோள். இருநூற்று இருபது படத்தில் ஒன்றே ஒன்றில் இருப்பது எப்படித் தப்பியது? அந்த மூலையில் ஒரு பிக்சலை எடுத்து அதன் மதிப்பை எழுதினேன். ஒரு மணிப் படத்தில் 2,310. ரெண்டே முக்கால் வாக்கில் 1,960. நாலு மணிக்கு 1,720. ஊர் வெளிச்சம் நகர நகர அந்தப் பிக்சல் அப்படி இறங்குகிறது. செயற்கைக்கோள் வந்த படத்தில் அது 300 கூடி 2,260. ஆனால் ஒரு மணிக்கே 2,310 இருந்ததே! மென்பொருளின் கண்ணுக்கு 2,260 ஒன்றும் அதிசயமில்லை, கூட்டத்துக்குள்தான் நிற்கிறது. விட்டுவிட்டது. நார்மலைசேஷன் போட்டிருந்தேனே என்றால், அது படத்துக்குப் படம் மொத்த அளவை மட்டும்தான் சமமாக்கும், ஒரு மூலை உயர்ந்து இன்னொரு மூலை தாழ்ந்திருப்பதைத் தொடாது.

ஒவ்வொரு படத்திலும் சரிவை முன்னாலேயே எடுத்துவிட்டால் அதே பிக்சல் இரவு முழுக்க ஒரே அளவைச் சுற்றி நாற்பது கூட, நாற்பது குறைய என்று நிற்கிறது. அப்போது 300 கூடுதலாக வந்தவன் தனியாகத் தெரிகிறான். இது ரெண்டாவது ஸ்டாக், அதே மூலை. கோடு இல்லை.

மாமாவுக்கு இதை விளக்கும்போது வயலை வைத்துத்தான் சொன்னேன். பரம்படிக்காத வயலில் தண்ணீர் கட்டினால் ஒரு பக்கம் தேங்கும், ஒரு பக்கம் காயும். நாம் படத்தை ஸ்ட்ரெட்ச் செய்வது, அதாவது மங்கலானதை வெளியே தெரியும்படி பளிச்சாக்குவது, தண்ணீர் கட்டுவது மாதிரிதான், மேடு பள்ளம் இருந்தால் தூசி மேகம் எங்கே, மேடு எங்கே என்றே தெரியாது. "அப்ப ராத்திரி பூராம் வயலைத்தான் சமப்படுத்துறியா மாப்ளே" என்றார். ஆமாம் மாமா, 220 வயல்.

இனி செய்முறை. நான் சிரில் பயன்படுத்துகிறேன், இலவச மென்பொருள். வரிசை ரொம்ப முக்கியம், அதை மாற்றிவிட்டு எனக்கு வரவில்லை என்று சொல்லாதீர்கள். முதலில் டார்க் (லென்ஸை மூடி எடுத்த படம்), ஃபிளாட் (சீரான வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படம்) எல்லாம் போட்டு படங்களைச் சரிசெய்ய வேண்டும். லென்ஸின் ஓரங்கள் இருட்டாக இருப்பது வேறு நோய், வான வெளிச்சம் வேறு நோய். லென்ஸ் இருட்டு எல்லாவற்றையும் ஒரு விகிதத்தில் குறைக்கிறது, நட்சத்திரத்தையும் சேர்த்து, அதனால் வகுத்தால்தான் போகும். ஊர் வெளிச்சம் மேலே வந்து கூடுகிறது, அதனால் கழிக்க வேண்டும். வகுக்க வேண்டியதைக் கழித்தால் பின்னணி சமமானது போலத் தெரியும், ஆனால் ஓரத்து நட்சத்திரங்கள் மங்கலாகவே இருக்கும். ஃபிளாட்டுக்குப் பெரிய சாதனம் எதுவும் வேண்டாம். விடிந்ததும் துவைத்த வெள்ளை வேட்டியை ரெண்டாக மடித்து லென்ஸ் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, ஃபோகஸைத் தொடாமல், வெளிர் வானத்தைப் பார்த்து முப்பது படம் எடுத்தேன். அவ்வளவுதான்.

அது முடிந்து நிறப் படமாக மாற்றிய பிறகு, நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்கு முன்னால், பின்னணி நீக்கம். பொருத்திய பிறகு செய்தால் ஓரங்களில் கறுப்புப் பட்டைகள் வந்திருக்கும், மென்பொருள் அதையும் வானம் என்று நினைத்து ஏமாறும். இமேஜ் ப்ராசஸிங் மெனுவில் பேக்கிரவுண்ட் எக்ஸ்ட்ராக்‌ஷன், அதில் பாலினாமியல், டிகிரி ஒன்று (இது கோண டிகிரி இல்லை, எவ்வளவு வளையலாம் என்பதன் அளவு; ஒன்று என்றால் வளையாத சமதளம்), திருத்தும் முறை சப்ட்ராக்‌ஷன், கீழே சீக்வென்ஸ் முழுக்கச் செய் என்ற பெட்டியை டிக் பண்ணுங்கள். கமாண்ட் தட்டுபவர்களுக்கு சீக்-சப்-ஸ்கை, சீக்வென்ஸ் பெயர், அப்புறம் ஒன்று. புதுப் படங்கள் பி.கே.ஜி. என்ற முன்னெழுத்தோடு வந்து விழும், அவற்றைத்தான் பொருத்தி ஸ்டாக் போட வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் இன்னொரு முழு செட்டு சேர்ந்துகொண்டே போகும்.

உள்ளே என்ன நடக்கிறது? படத்தின் மேல் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பரப்பி, ஒவ்வொரு சதுரத்திலும் நடு மதிப்பை எடுக்கிறது. பெரிய நட்சத்திரம் மேலேயோ பளிச்சென்ற மேகம் மேலேயோ விழுந்த சதுரங்களைத் தள்ளிவிடுகிறது. மிச்சமானவற்றுக்கு நடுவே ஒரு சமதளத் தகட்டைச் சாய்த்துப் பொருத்துகிறது. அந்தத் தகட்டுக்கு மூன்றே எண்கள் போதும்: எவ்வளவு உயரம், இடவலமாக எவ்வளவு சாய்வு, மேல்கீழாக எவ்வளவு சாய்வு. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி, ஆக ஒரு படத்துக்கு ஒன்பது எண்கள். இந்த எளிமைதான் இதன் பலம்.

ஏனென்றால் உங்கள் கை சும்மா இருக்காது, டிகிரி நாலு என்று ஒன்று இருக்கிறதே, இன்னும் நன்றாக வழிக்குமே என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இதோ நான் டிகிரி நாலு போட்டுப் பார்த்தது. கேட்டையைச் சுற்றி மஞ்சளாக ஒரு மேகம் இருக்க வேண்டும், அதன் மேலே நீல மேகம், அங்கிருந்து இடப்பக்கம் ஓடும் கருந்தூசிப் பாதைகள். இதில் மஞ்சள் பாதியாகிவிட்டது, சுற்றிலும் கறுப்பாக ஒரு வளையம். வளையக் கூடிய தகடு மேகத்தின் வளைவையே பின்னணி என்று பிடித்துக்கொண்டது. அந்தத் தூசி சுமார் 400 ஒளியாண்டு தூரத்திலிருந்து வந்து என் லென்ஸுக்குள் விழுந்த ஒளி, அதை நானே துடைத்தெறிவது எனக்குத் தாங்கவில்லை. தட்டையான தகட்டால் வளைவைத் தின்ன முடியாது. தனிப்படத்தில் டிகிரி ஒன்று, ஸ்டாக் முடிந்த பிறகு இன்னும் ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அங்கே மட்டும் ஆர்.பி.எஃப். (அதே மெனுவில் உள்ள, வளைந்த பின்னணிக்கும் பொருந்தும் முறை), அதிலும் சதுரங்களைக் கையால் வைத்து, தூசி இருக்கும் இடத்தில் ஒன்றுகூட வைக்காமல். இந்தப் பகுதியில் உண்மையான வெற்று வானம் ரொம்பக் குறைவு, அதனால் எனக்கு மொத்தம் பதினாலு சதுரம்தான் தேறியது.

இன்னொன்று, கழிக்கும்போது பின்னணியைப் பூஜ்யம் ஆக்கக் கூடாது. ஒரு சமமான அடித்தளம் மிச்சமிருக்க வேண்டும். பூஜ்யத்தில் நிறுத்தினால் நாய்ஸில், அதாவது பிக்சல் மதிப்பின் தற்செயலான நடுக்கத்தில், பாதி மைனஸுக்குப் போய் வெட்டுப்படும், அதோடு மங்கலான மேகமும் போகும்.

கமெண்டில் ஒருவர் கேட்டிருந்தார், இப்படிக் கழிக்க முடியும் என்றால் மொட்டை மாடியிலிருந்தே எடுக்கலாமே என்று. இங்கே நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வெளிச்சத்தைக் கழிக்கலாம், வெளிச்சத்தோடு வந்த நாய்ஸைக் கழிக்க முடியாது. ஒரு பிக்சலில் வானம் 10,000 எலக்ட்ரான் நிரப்பினால் அதன் நடுக்கம் அதன் வர்க்கமூலம், 100. பத்தாயிரத்தையும் கழித்த பிறகும் அந்த 100 அங்கேயே இருக்கும். மேகம் தருவது 30 எலக்ட்ரான் என்றால் ஒரு படத்தில் அது அந்த 100-க்குள் மூழ்கிப்போகும், நிறைய படம் எடுத்துத்தான் மீட்க வேண்டும். வாடிப்பட்டியில் அந்தப் பத்தாயிரம் ரெண்டாயிரத்தைனூறாக இருந்தால் நடுக்கம் பாதி, 50, அதே தரத்துக்குப் படங்கள் நாலில் ஒரு பங்கு போதும். முன்பு சோடியம் விளக்கு இருந்த காலத்தில் ஃபில்டர் போட்டு அந்த மஞ்சளை மட்டும் வெட்டலாம். இப்போது தெருவெல்லாம் எல்இடி, அது எல்லா நிறத்திலும் பரவுகிறது, ஃபில்டருக்கு வேலை குறைந்துவிட்டது. அதனால்தான் வண்டியில் ஏறித் தோப்புக்குப் போகிறோம்.

பெரிய தொலைநோக்கிக்காரர்களுக்கும் இதே வேலைதான், அதையும் சொல்லிவிடுகிறேன். அகச்சிவப்பில் எவ்வளவு இருட்டான மலையிலும் வானமே ஒளிரும், தேடும் பொருளைவிடப் பல மடங்கு. நைனிடால் பக்கம் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அகச்சிவப்பில் எடுப்பவர்கள் கொஞ்சம் எடுப்பார்கள், தொலைநோக்கியை லேசாக நகர்த்துவார்கள், மறுபடி எடுப்பார்கள். அந்த வரிசையிலிருந்தே வானத்தைக் கணக்கிட்டு ஒவ்வொரு படத்திலும் கழிப்பார்கள். வானம் நிமிடத்துக்கு நிமிடம் மாறுகிறது என்பதை அவர்கள் முதலிலேயே ஏற்றுக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது முடிந்த படம். மூன்று மணி நாற்பது நிமிட ஒளி. நடுவில் கேட்டை, வலப்பக்கம் குட்டியாக எம் 4 என்ற நட்சத்திரக் கொத்து, மேலே நீல மேகம், இடப்பக்கம் அந்தக் கருந்தூசிப் பாதை முனை வரைக்கும் அறுந்துபோகாமல் ஓடுகிறது பாருங்கள். இடது கீழ் மூலையில் இன்னும் ஒரு சின்னப் பழுப்பு தெரிகிறதா? அது மதுரைதான், முதல் இருபது படங்களில் சரிவு தட்டையாக இல்லாமல் கொஞ்சம் வளைந்திருந்தது, தகட்டுக்கு அடங்கவில்லை. அந்த இருபதை விட்டுவிட்டு மறுபடி ஸ்டாக் போட்டுக்கொண்டிருக்கிறேன், லேப்டாப் ஓடும் சத்தம் உங்களுக்கும் கேட்கும்.