ஏழரை மணிக்கு வந்த கேம்

வணக்கங்க. வீடியோ கேம் பத்தி ரேடியோல பேசணும்னு என்னைய கூப்பிட்டதே எனக்கு ஆச்சரியமா இருக்கு, நான் ஒண்ணும் பெரிய பிளேயர் எல்லாம் இல்லீங்க, திருப்பூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கேன், ராத்திரி கடையைச் சாத்திட்டு வந்து சாப்பிட்டுட்டு ஒரு மணி நேரம் உக்காருவேன், அவ்வளவுதான். ஆனா ஒரே ஒரு கேமோட ரெண்டாம் பாகத்துக்காக ஆறரை வருஷம் காத்துக் கிடந்தேன், அந்தத் தகுதியில பேசுறேன்.

கேம் பேரு சில்க்சாங். வருதுன்னு அறிவிச்சது 2019 பிப்ரவரி 14, வந்தது 2025 செப்டம்பர் 4. சொன்னப்ப என் பொண்ணு யூகேஜி, வந்தப்ப ஏழாங்கிளாஸ். எங்கம்மா சொல்லுவாங்க, சனி பகவானே ஏழரை வருஷத்துல விட்டுட்டுப் போயிருவாரு, உன்ற பூச்சி கேம் விடமாட்டேங்குதேடான்னு. அதுல பாருங்க, ரிலீஸ் நேரமும் நம்ம ஊர் கணக்குக்கு சாயங்காலம் ஏழரை மணி. நான் சும்மா சேத்துச் சொல்லலீங்க, நிஜமாவே ஏழரை.

பூச்சி கேம்னு அம்மா சொன்னது சரிதான். முதல் பாகம் ஹாலோ நைட், 2017ல வந்துச்சு. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுன்னு ஒரு ஊர், அங்க டீம் செர்ரின்னு ஒரு சின்ன கம்பெனி, கம்பெனின்னா என்ன, ஆரி கிப்சன், வில்லியம் பெல்லன்னு ரெண்டு பேரு, கூட இன்னும் ஓரிரண்டு பேரு. 2014 கடைசியில கிக்ஸ்டார்டர்னு ஜனங்ககிட்ட காசு திரட்டுற வெப்சைட்ல காசு கேட்டாங்க, 2158 பேர் சேர்ந்து 57 ஆயிரம் ஆஸ்திரேலிய டாலர் போட்டாங்க. அந்தக் காசுல கையால வரைஞ்சு ஒரு பாழடைஞ்ச பூச்சி ராஜ்யத்தையே கட்டி வச்சிட்டாங்க, நாம ஒரு குட்டி வீரன், கீழ கீழ இறங்கிப் போய்க்கிட்டே இருப்போம். 2025 ஆகஸ்ட் வரைக்கும் ஒன்றரைக் கோடி காப்பி வித்திருக்கு.

அந்த 2158 பேர்கிட்ட இன்னொரு வாக்கும் குடுத்திருந்தாங்க, இவ்வளவு காசு சேர்ந்தா விளையாட ரெண்டாவதா ஒரு கேரக்டர் தர்றோம்னு. ஹார்னெட், சிவப்புத் துணி போட்டு ஊசியை வச்சு சண்டை போடுறவ. பேருக்கு அர்த்தம் குளவி, ஆனா கதைப்படி சிலந்தி வம்சம், அதெல்லாம் கேக்கக்கூடாது. அவளை வச்சு சின்னதா ஒரு இலவச எக்ஸ்ட்ரா செய்யலாம்னு ஆரம்பிச்சது பெருசாகிப் பெருசாகி தனி கேமே ஆயிருச்சு, அதைத்தான் 2019ல அறிவிச்சாங்க. ஆக அந்தக் காசு போட்டவங்க கணக்குல பாத்தா காத்திருப்பு ஆறரை இல்லீங்க, பத்து வருஷத்துக்கு மேல.

2019 ஜூன்லயே நிண்டெண்டோன்னு கேம் மெஷின் கம்பெனியோட ஷோவுல விளையாடியே காட்டினாங்க. அப்ப நாங்க என்ன நினைச்சோம், அதான் ரெடியா இருக்கே, வர்ற வருஷம் வந்துரும்னு. வரல. அப்புறம் டீம் செர்ரிகிட்ட இருந்து பெருசா பேச்சு மூச்சே கிடையாது. ஆட்கள் என்னென்ன பண்ணாங்கன்னு சொன்னா நம்பமாட்டீங்க. யூடியூப்ல ஒருத்தர் தினமும், தினமும்னா தினமும், வருஷக்கணக்கா வீடியோ போட்டாரு, இன்னைக்கும் சில்க்சாங் பத்தி செய்தி இல்லைன்னு சொல்றதுக்கு. நிண்டெண்டோ ஷோ வருதுன்னாலே எல்லாரும் மூஞ்சிக்கு வெள்ளை பவுடர், சிவப்பு மூக்குன்னு கோமாளி வேஷம் கட்டின படத்தைப் போடுவாங்க, இன்னைக்காவது காட்டுவாங்கன்னு நம்பி மறுபடி ஏமாறப்போறோம்னு அர்த்தம். நானும் போட்டிருக்கேன். சிரிப்பா இருந்துச்சு, ஆனா அந்தச் சிரிப்புக்கு அடியில கடுப்பும் இருந்துச்சு.

எனக்கு நிஜமா வலிச்சது அந்த அமைதி இல்லீங்க. 2022 ஜூன்ல எக்ஸ்பாக்ஸ்னு இன்னொரு கேம் மெஷின்காரங்க ஷோவுல சில்க்சாங்கைக் காட்டிட்டு, இங்க காட்டுனது எல்லாமே 12 மாசத்துக்குள்ள விளையாடலாம்னு சொன்னாங்க பாருங்க, அதுதான். அன்னைக்கு முதல் பாகத்தைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணி, வரைபடத்தை எல்லாம் மறுபடி முடிச்சு, கைப்பழக்கம் விட்டுப்போகக்கூடாதுன்னு பிராக்டிஸ் வேற. கெடு முடிய ஒரு மாசம் இருக்குறப்ப, 2023 மே மாசம், கேம் பெருசாயிருச்சு, இன்னும் டைம் வேணும்னு சொல்லிட்டாங்க. தேதியே சொல்லாம இருந்தா மனுசன் மறந்துட்டு வேற வேலையைப் பாப்பான், தேதியைச் சொல்லிட்டு இழுத்தா கல்யாண மண்டபம் புக் பண்ணினவன் மாதிரி நிப்பான். அதுக்கப்புறம் அவங்க மறுபடி வாயை மூடிக்கிட்டது எனக்கு சரின்னுதான் படுது, நிறைய பேர் இதுல என்கூட சண்டைக்கு வருவாங்க, பரவால்ல.

2025 ஏப்ரல்ல நிண்டெண்டோ ஷோவுல கொஞ்ச நேரம் தலையைக் காட்டி, இந்த வருஷம்னு மட்டும் போட்டாங்க. அப்புறம் ஒரு கூத்து. மெல்போர்ன்ல ஆக்மின்னு ஒரு மியூசியம், செப்டம்பர் 18ல இருந்து எங்க கண்காட்சியில சில்க்சாங் விளையாடலாம்னு அறிவிச்சுது. கடைக்கே வராத கேம் மியூசியத்துக்குப் போகுதுங்க! ஆகஸ்ட் 21ல ஒரு வழியா தேதி வந்துச்சு, செப்டம்பர் 4, ரெண்டே வாரம். ஆறரை வருஷம் இழுத்தவங்க ரெண்டு வாரத்துல கொண்டாந்து நிறுத்துறாங்க.

இதுல மாட்டினது மத்த சின்ன கேம்காரங்க. தீபாவளிக்கு பெரிய ஹீரோ படம் வருதுன்னா சின்னப் படத்துக்காரங்க தியேட்டர் கிடைக்காதுன்னு தள்ளிப் போவாங்கல்ல, அதே கதை. டீமன்ஸ்கூல்னு ஒரு கேம் செப்டம்பர் 3ல இருந்து நவம்பருக்கு ஓடிருச்சு, பேபி ஸ்டெப்ஸ் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு, க்ளோவர்பிட் மாசக் கடைசிக்குப் போச்சு. இத்தனைக்கும் சில்க்சாங் விலை 20 டாலர்தான், பெரிய கம்பெனிக்காரங்க எல்லாம் 70 டாலர்னு விக்கிற காலத்துல.

அன்னைக்கு சாயங்காலம் கடையை ஆறரைக்கே சாத்திட்டேன். கஸ்டமர் ஒருத்தர் லேப்டாப்போட வந்தாரு, வீட்ல விசேஷம்ங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன், பொய்யும் இல்ல. ஏழரை ஆச்சு, உலகம் பூரா ஒரே நேரத்துல எல்லாரும் வாங்கு வாங்குன்னு அமுக்கினதுல ஸ்டீம், நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ்னு கேம் விக்கிற எல்லா ஆன்லைன் கடையும் திணறிருச்சு. எனக்கு அதெல்லாம் தாண்டி பேமெண்ட் பேஜ் வந்தா ஓடிபி வரல. பொண்ணு பக்கத்துல உக்காந்துட்டு, அப்பா ஆறு வருஷம் இருந்தீங்கல்ல, பத்து நிமிஷம் இருங்கன்னு சொல்றா. முன்பதிவும் வைக்கலையா, அதான் அத்தனை கூட்டமும் அந்த நிமிஷத்துலதான் கடைவாசல்ல நின்னுச்சு. முதல் நாளே ஸ்டீம்ல மட்டும் ஒரே சமயத்துல அஞ்சு லட்சம் பேருக்கு மேல விளையாடிட்டு இருந்தாங்க.

சரி, வந்துச்சே, சந்தோசமான்னு கேட்டா, இங்கதாங்க அடுத்த கடுப்பு ஆரம்பம். முதல் பாகத்துல இறங்கிட்டே போனோம், இதுல ஃபார்லூம்னு ஒரு ராஜ்யத்துல ஏறிட்டே போகணும், ஏறுறது என்னைக்குமே கஷ்டம்தானே. மொத்த உயிரே அஞ்சு, ஆரம்பத்துலயே ஒரு அடிக்கு ரெண்டு உயிர் போகுது. நடந்து களைச்சுப் போய் பெஞ்ச்சைப் பாத்தா, பெஞ்ச்னா உக்காந்தா கேம் சேவ் ஆகும், அந்த பெஞ்ச்சுல உக்கார காசு கேக்குறாங்க. ஒரு இடத்துல பெஞ்ச்சே பொறி, உக்காந்தா தலையில அடிக்குது. நான் அன்னைக்கு கன்ட்ரோலரை வச்சிட்டு மொட்டை மாடிக்குப் போயிட்டேன். லாஸ்ட் ஜட்ஜ்னு ஒருத்தன், அவன்கிட்ட தோத்தா ஒவ்வொரு வாட்டியும் பெரிய தூரம் தாவித் தாவி ஓடி வரணும், கடைசியா ஜெயிச்சோம்னு கையைத் தூக்குறோம், அவன் செத்துட்டே வெடிக்கிறான், அந்த வெடியில நாம சாகலாம். இதை யோசிச்சவனை நேர்ல பாக்கணும்னு ஆசை.

கஷ்டம் ஓவர்னு சத்தம் போட்டதுல, ஒரு வாரம்கூட ஆகல, ஆரம்பத்துல வர்ற பாஸ், அதாவது பெரிய எதிரிங்க ரெண்டு பேரைக் கொஞ்சம் லேசாக்குறோம், பெஞ்ச் காசையும் கொஞ்சம் குறைக்கிறோம்னு இறங்கி வந்தாங்க. உடனே இன்னொரு கூட்டம், ஏன் குறைச்சீங்கன்னு. சீனாவுல வேற பிரச்னை, மொழிபெயர்ப்பு பழங்காலத்து நடையில இருக்குன்னு ஸ்டீம்ல மார்க்கைக் குறைச்சு வச்சிட்டாங்க, சரி பண்றோம்னு சொன்னாங்க. தமிழ்ல கேமே இல்ல, அதனால நமக்கு அந்தச் சண்டை போடக்கூட வாய்ப்பில்ல.

ரிலீசுக்கு முன்னாடி ப்ளூம்பெர்க்னு ஒரு செய்தி நிறுவனத்துல கிப்சன், பெல்லன் ரெண்டு பேர் பேட்டி வந்துச்சு. நாங்க என்னமோ உள்ள பெரிய சிக்கல், பணம் இல்ல, சண்டைன்னு ஆளாளுக்கு ஒரு கதை கட்டி வச்சிருந்தோம். ஒண்ணுமே இல்லையாம். சந்தோசமா வேலை பாத்துட்டு இருந்தாங்களாம். இன்னும் வேலை நடக்குதுங்கிறதைத் தவிர சொல்ல ஒண்ணும் இல்ல, அதையே சொல்லிட்டிருந்தா ஜனங்க வெறுத்துருவாங்கன்னு சும்மா இருந்திருக்காங்க. கிப்சன் ஒரு கட்டத்துல படம் வரையறதையே நிறுத்திட்டாராம், ஏன்னா வரையறதெல்லாம் நல்லா இருக்கேன்னு கேமுக்குள்ள போயிருது, இப்படியே போனா முடிக்க பதினஞ்சு வருஷம் ஆகும்னு. படிச்சதும் முதல்ல கோவம், இங்க நான் பவுடர் அடிச்சிட்டு நிக்கிறேன், நீங்க ஜாலியா பூச்சி வரைஞ்சிட்டு இருந்தீங்களான்னு. அப்புறம் யோசிச்சா பொறாமைங்க. எனக்கு கடையில ஒரு நாளாச்சும், இது போதும், இதுக்கு மேல நல்லா செஞ்சா முடிக்கவே முடியாதுன்னு கையைக் கட்டிக்க வேண்டி வந்திருக்கா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு லேப்டாப் வேணும்னு எல்லாரும் நிப்பாங்க.

2025 டிசம்பர்ல புதுசா ஒண்ணு சொன்னாங்க, சீ ஆஃப் சாரோன்னு கடல் பக்கமா ஒரு இலவச எக்ஸ்ட்ரா. இலவச எக்ஸ்ட்ரான்னதும் எனக்கு பழசெல்லாம் ஞாபகம் வந்துருச்சு, போன வாட்டியும் இப்படித்தான ஆரம்பிச்சது. அப்ப 2026னு போட்டாங்க, மாசம் போடல. நானும் பவுடரை இன்னும் கழுவல. வர்றேங்க.