மருந்து வேலை செஞ்சுச்சான்னு ஸ்லைடுகிட்ட கேட்ட மனுஷன்

எல்லாருக்கும் வணக்கம். பின்னாடி நிக்கிறவங்க முன்னாடி வந்து உக்காருங்க, இடம் நிறைய இருக்கு.

பெத்தாலஜிஸ்ட்னா யாருன்னு கேட்டா பாதிப்பேர் போஸ்ட்மார்ட்டம் பண்றவர்ங்கறாங்க, மீதிப்பேர் பயாப்ஸிய பாத்து கட்டிக்குப் பேர் சொல்றவர்ங்கறாங்க. ரெண்டும் சரிதான். ஆனா நான் இன்னைக்கு பேசப்போற ஆண்ட்ரூ ஹூவோஸ் செஞ்சதுல எனக்கு ரொம்பப் பெருசா படுறது இன்னொரு வேலை. மருந்து குடுத்து முடிச்சப்புறம் வெட்டி எடுத்த கட்டிய பாத்து, இந்த மருந்து உள்ள போய் வேலை செஞ்சுச்சா இல்லையான்னு அளந்து சொன்னது. நியூயார்க்ல மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் கேன்சர் சென்டர்ல இருந்தவர். மார்பகப் புற்றுநோய் ஒரு பக்கம், எலும்புக் கட்டி இன்னொரு பக்கம், ரெண்டையும் விடாம பாத்தவர்.

அந்த ஆஸ்பத்திரில ஜேம்ஸ் யூயிங் இருந்தார், 1921-ல அவர் எழுதின எலும்புக் கட்டிதான் இன்னைக்கு நாம யூயிங் சார்கோமான்னு சொல்றது. 1941-ல அதே இடத்துல ஃபூட், ஸ்டூவர்ட்னு ரெண்டு பேர் மார்பகத்துல லோபுலர் கார்சினோமா இன் சைட்டுவ, அதாவது பால் சுரக்கிற சின்ன மடல்கள விட்டு வெளிய பரவாம உள்ளயே வளர்ற மாறுன செல்லுங்கள, விவரிச்சாங்க. அந்த வழில வந்தவர்தான் ஹூவோஸ், அந்த ஃபூட் கூடவே சேர்ந்தும் எழுதியிருக்கார்.

முதல்ல மார்பகம். 1971-ல ஹூவோஸ், ஹட்டர், பெர்க் மூணு பேரும் ஒரு பேப்பர் போட்டாங்க. அந்தக் காலத்துல மார்பகத்தோட அக்குள் நெறிகட்டி எல்லாத்தையும் சேத்து எடுத்துடுவாங்க, ரிப்போர்ட்ல நெறிகட்டில பரவியிருக்கு, பரவலை, இவ்வளவுதான் வரும். இவங்க கேட்ட கேள்வி, பரவியிருக்குன்னா எவ்வளவு? ரெண்டு மில்லிமீட்டர்னு ஒரு கோடு போட்டாங்க. அதுக்குள்ள இருந்தவங்க எட்டு வருஷம் கழிச்சு எப்படி இருக்காங்கன்னு பாத்தா, நெறிகட்டில பரவாதவங்க மாதிரியே நல்லா இருந்தாங்க, அதுக்கு மேல இருந்தவங்க நிலைமை மோசம். கொஞ்சம் பேர வெச்சுப் பண்ண ஆய்வுதான், ஆனா அந்த ரெண்டு மில்லிமீட்டர் கோடு இன்னைக்கும் ஸ்டேஜிங்ல, அதாவது நோய் எந்தக் கட்டத்துல இருக்குன்னு பிரிக்கிறதுல, அப்படியே இருக்கு. 2013-ல வந்த ஒரு பெரிய ட்ரயல், சென்டினல் நோட்ல, அதாவது கேன்சர் முதல்ல போய்ச் சேர்ற நெறிகட்டில, இந்த அளவுக்குள்ள மட்டும் பரவியிருந்தா அக்குள முழுசா எடுக்க வேண்டியதில்லைன்னு காட்டுச்சு. அக்குள முழுசா எடுத்ததால கை வீங்கிப்போய் வருஷக்கணக்கா கஷ்டப்படுற பெண்கள பாத்தவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும்.

1973-ல ஃபூட் கூட சேர்ந்து எழுதினது மெட்டாபிளாஸ்டிக் கார்சினோமா பத்தி. இது மார்பகத்துல வர்ற ரொம்ப அபூர்வமான கட்டி, கட்டிய மெல்லிசா சீவி கண்ணாடி ஸ்லைடுல வெச்சுப் பாத்தா நடுவுல குருத்தெலும்பு இருக்கும், சிலதுல எலும்பே உருவாகியிருக்கும், மார்பகத்துல! எலும்புக் கட்டிய நல்லா பாத்துப் பழகின கண்ணு இருந்தாத்தான் இதைப் பாத்து குழம்பாம இருக்க முடியும். ஒருத்தர் ஏன் ரெண்டு உறுப்ப படிக்கணும்னு கேக்குற பிள்ளைங்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.  

இப்ப எலும்புக்கு வர்றேன், நான் வந்ததே இதைச் சொல்லத்தான். ஆஸ்டியோசார்கோமாங்கற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் பத்துல இருந்து இருபது வயசுக்குள்ள, வளர்ற பிள்ளைங்களுக்கு, முட்டிப் பக்கத்துல வரும். 1970-க்கு முன்னாடி காலையே எடுத்துடுவாங்க, எடுத்தும் அஞ்சுல நாலு பிள்ளைங்க பிழைக்கல, ஏன்னா கட்டி கண்டுபிடிக்கிற அன்னைக்கே கண்ணுக்குத் தெரியாம நுரையீரலுக்குப் போயிருக்கும். எழுபதுகள்ல ஹை டோஸ் மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின்னு கீமோ மருந்தெல்லாம் வந்துச்சு. அதே நேரத்துல மெமோரியல்ல மார்கோவ்னு ஒரு சர்ஜன், காலை எடுக்காம கட்டி இருக்கிற எலும்ப மட்டும் எடுத்துட்டு உலோக எலும்பு வைக்கலாம்னு முயற்சி பண்றார். அந்த உலோக எலும்ப ஒவ்வொரு பிள்ளைக்கும் அளவெடுத்து தனியா செய்யணும், அதுக்கு ரெண்டு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் சும்மா காத்திருந்தா கட்டி வளருமே, அதனால ஜெரால்ட் ரோசன் அந்த இடைவெளில கீமோ குடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னாடியே கீமோங்கற வழக்கம் எலும்புக்கு வந்தது இப்படித்தான், பட்டறைல ஆன தாமதத்தால.

இப்ப அந்த எலும்பு ஹூவோஸ் மேஜைக்கு வருது. இங்கதான் ஒரு சிக்கல். ஆஸ்டியோசார்கோமா தானே எலும்ப உண்டாக்குற கட்டி, அதனால செல்லு செத்தாலும் அது கட்டின சுண்ணாம்புக் கூடு அப்படியே நிக்கும். எக்ஸ்ரேல பாத்தா கட்டி அதே அளவுல இருக்கும், செத்துச்சா உசுரோட இருக்கான்னு வெளிய இருந்து சொல்ல முடியாது. மைக்ரோஸ்கோப்தான் சொல்லணும்.

அதுக்கு என்ன பண்ணணும் தெரியுமா? எலும்ப ரம்பத்துல நீளவாக்குல அறுக்கணும், நடுவுல இருந்து ஒரு முழு சீவல் எடுத்து போட்டோ பிடிச்சு, அந்தப் படத்து மேல கட்டம் போட்டு நம்பர் குடுக்கணும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பிளாக், அதாவது மெழுகுல பதிச்சு வெக்கிற ஒரு துண்டு. எலும்பு, துண்ட மெல்லிசா சீவுற மைக்ரோடோம் மெஷினோட கத்திக்கு மசியாது, அதனால அமிலத்துல நாள்கணக்கா ஊறப்போட்டு சுண்ணாம்ப எடுக்கணும், அவசரப்பட்டு கடுமையான அமிலத்துல போட்டா செல்லோட நியூக்ளியஸ் போயிடும், அப்புறம் செத்தது எது இருக்கிறது எதுன்னே தெரியாது. டெக்னீஷியன் தம்பி தங்கச்சிங்க இங்க நிறையப்பேர் இருக்கீங்க, நீங்க அந்த ஜாடிய தினமும் பாத்து சரியான நேரத்துல எடுக்கிறதுலதான் அந்தப் பிள்ளையோட ரிப்போர்ட்டே நிக்குது, இதை நான் மரியாதைக்காக சொல்லலை. அப்புறம் ஒவ்வொரு ஸ்லைடா பாத்து எத்தனை சதவீதம் செத்திருக்குன்னு கணக்குப் போடணும். உசுரோட இருக்கிற செல்லுங்க எலும்புக்கு வெளிய தசைப் பக்கமும், மூட்டுக் குருத்தெலும்புக்கு அடியிலயும், தசைநார் ஒட்டுற இடத்துலயும் போய் ஒளிஞ்சிருக்கும், ரெண்டு ஸ்லைடு பாத்துட்டு எழுந்துட்டா கண்டிப்பா தப்பிடும்.

1977-ல ஹூவோஸ், ரோசன், மார்கோவ் இந்த மாதிரி 20 நோயாளிகளோட எலும்ப பாத்து எழுதினாங்க. அதுல இருந்து வந்ததுதான் நாலு கிரேடு. ஒண்ணாவதுல மருந்து ஏறவே இல்ல, இல்லன்னா ரொம்பக் கொஞ்சம், ரெண்டாவதுல கொஞ்சம் செத்திருக்கு ஆனா நிறைய மிச்சம், மூணாவதுல 90 சதவீதத்துக்கு மேல செத்து அங்கங்க சில தீவு மட்டும், நாலாவதுல உசுரோட ஒண்ணுமே இல்ல. மூணும் நாலும் வந்த பிள்ளைங்க பிழைக்கிற வாய்ப்பு நல்லா அதிகம்னு பின்னாடி ஊர் ஊரா பாத்து உறுதியாச்சு. அந்த 90-ங்கற கோட்ட இன்னைக்கும் மாத்தல.

சரி, 90 வரலன்னா மருந்த மாத்தலாமே? ரோசன் அதைத்தான் பண்ணார், மருந்த மாத்தி குடுத்தார், ஆரம்பத்துல ரொம்ப நல்லா இருந்த மாதிரி தெரிஞ்சுது, நாளாக ஆக அந்த நம்பிக்கை நிக்கல. அப்புறம் 17 நாடுகள் சேர்ந்து 2,000-க்கு மேல நோயாளிகள வெச்சு பண்ண யூராமோஸ் ட்ரயல், 2016-ல முடிவு வந்துச்சு, சரியா செத்துப்போகாதவங்களுக்கு கூடுதலா ரெண்டு மருந்து சேத்துக் குடுத்தும் பலன் இல்ல, பக்கவிளைவுதான் கூடுச்சு. எனக்கு அதைப் படிச்சப்ப மனசு ரொம்ப கனத்துப்போச்சு. ஸ்லைடு சரியா சொல்லுது, ஆனா சொன்னதுக்கு அப்புறம் குடுக்க நம்ம கைல மருந்து இல்ல.

ஆனா அதே கேள்விக்கு மார்பகத்துல பதில் கிடைச்சுச்சு. அங்கயும் பின்னாடி ஆபரேஷனுக்கு முன்னாடி கீமோ குடுக்கிற வழக்கம் வந்து, எடுத்த மார்பகத்துல கேன்சர் மிச்சம் இருக்கான்னு நாங்க பாக்க ஆரம்பிச்சோம். 2018 கடைசில கேத்தரின்னு ஒரு ட்ரயலோட முடிவு வந்துச்சு, ஹெர்2 பாசிட்டிவ், அதாவது ஹெர்2-ங்கற புரதம் அதிகமா இருக்கிற மார்பகக் கேன்சர், கீமோக்கு அப்புறமும் மிச்சம் இருக்கிற 1,486 பேர். பாதிப்பேருக்கு ஹெர்2-வத் தாக்குற ட்ராஸ்டுசுமாப்ங்கற பழைய மருந்தே தொடர்ந்துச்சு, பாதிப்பேருக்கு அதே மருந்தோட கீமோ மருந்தையும் ஒட்டி செஞ்ச டி-டிஎம்1-க்கு மாத்துனாங்க, மாத்தினவங்களுக்கு நோய் திரும்பி வர்ற இல்ல இறந்துபோற ஆபத்து பாதியா குறைஞ்சுது. ஸ்லைடுல மிச்சம் இருக்குன்னு ஒருத்தர் எழுதுறார், அதைப் பாத்து மருந்து மாறுது, ஒரு அம்மா வீட்டுக்குப் போறாங்க. எழுபதுகள்ல ரோசன் எலும்புல தேடினது இதைத்தான்.

எலும்புல இன்னும் அந்த மெத்தோட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் மூணுதான் ஓடிக்கிட்டு இருக்கு. 90 வராத பிள்ளைக்கு என்ன குடுக்கிறதுங்கற கேள்வி அப்படியே திறந்து கிடக்கு. இந்த ஹால்ல இருக்கிற மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸ்ல யாராவது அதை எடுத்துக்கணும்னு எனக்கு ஆசை. இப்ப கேள்வி கேளுங்க. எலும்பு மேல கட்டம் போட்ட அந்த மேப்பிங் படத்த கிட்ட வந்து பாக்கணும்னா அந்த மேஜைல வெச்சிருக்கேன், வந்து பாருங்க.